சருகைக் குப்பை என்று கூட்டிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வயல்வெளிகளுக்கு நடுவே எப்படியோ தப்பிப் பிழைத்திருக்கும் ஒரு சிறிய இலையுதிர் காட்டுக்குச் சில ஆண்டுகளாகப் போய்வருகிறேன். நிதானமாக நடந்தாலே கால் மணி நேரத்தில் மறுமுனையை அடைந்துவிடலாம். யானையோ அருவியோ அங்கே இல்லாததால் பெருங்கூட்டம் வந்ததில்லை. அண்மைக்காலமாக ஓய்வுநாள்களில் இத்தகைய சிறு காடுகளைத் தேடிக் குடும்பத்தோடு வருவோர் கூடியிருக்கிறார்கள். அது எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் வருவோரில் நல்லெண்ணம் கொண்ட சிலர் காட்டைச் ‘சுத்தம்’ செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். அதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

மரங்கள் முழுவதுமாக இலையுதிர்த்து நின்ற நாளொன்றில் போயிருந்தேன். தேக்கின் சருகுகள் அகன்று சுருண்டு பாதையெங்கும் கிடந்தன. ஒவ்வோர் அடிக்கும் அவை நொறுங்கும் ஓசை காட்டின் மறுகோடிவரை கேட்டிருக்கும். பாதையோரத்தில் சற்று நின்றேன். என் காலுக்கு ஒரு முழத் தொலைவில், சருகிலேயே ஒரு துண்டு பெயர்ந்து எழுந்ததுபோல, ஒரு பறவை ஓசையில்லாமல் எழுந்து தாழப் பறந்து மறைந்தது. அது பக்கி என்னும் இராப்பறவை. அது படுத்திருந்த இடத்தில் கூடு என்று சொல்ல ஒரு குச்சிகூட இல்லை. வெறும் சருகின்மேல் இரண்டு முட்டைகள், மங்கிய நிறத்தில் பழுப்புத் திட்டுகளோடு, அங்கே கிடப்பதை அறிந்த பிறகும் கண்ணை எடுத்தால் மீண்டும் தேட வேண்டிய அளவுக்குச் சருகோடு சருகாகக் கிடந்தன. தாய்ப்பறவை திரும்பட்டும் என்று உடனே விலகி வந்துவிட்டேன்.

பத்து நாள் கழித்துப் போனபோது அந்த இடம் பெருக்கப்பட்டிருந்தது. சருகுகளைக் குவித்து எரித்த கரிவட்டம் நடுவில் இருந்தது. அருகில் பட்டுப்போய் நின்ற மரத்தையும் வெட்டிச் சாய்த்திருந்தார்கள். அங்கிருந்த இளைஞர்களிடம் கேட்டேன். “பார்க்கவே அலங்கோலமாகக் கிடந்தது ஐயா, பாம்பு கீம்பு இருக்கும் என்று சுத்தம் செய்தோம்” என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். போகும்போது பிறர் வீசிய நெகிழிப் பைகளையும் பொறுக்கி எடுத்துச் சென்றார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நெகிழியையும் சருகையும் ஒரே விளக்குமாறால் கூட்டலாகாது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இலையுதிர்வு மரத்துக்கு வந்த நோயன்று. மரம் திட்டமிட்டுச் செய்கிற வேலை. குளிர்நாடுகளில் பனிக்காலம் நெருங்கும்போதும், வெப்பநாடுகளில் மண்ணின் ஈரம் குறையும்போதும், இலைக்காம்பின் அடியில் மெல்லிய பிரிபடலம் ஒன்று உருவாகிறது. இலையிலிருந்து வரும் ஆக்சின் என்னும் வளரூக்கி குறைய, எத்திலீன் என்னும் வாயு ஓங்க, அந்தப் படலத்துச் செல்களின் பிணைப்பு தளர்ந்து, இலை தன் எடையாலேயே கழன்று விழுகிறது. விழுந்த இடத்தில் தக்கைபோன்ற திசு மூடிக்கொள்வதால் மரத்துக்குப் புண் ஏற்படுவதில்லை. ஒரு தழும்பு மட்டும் எஞ்சுகிறது. இதற்கு முன்பே, இலையில் இருந்த தழைச்சத்திலும் (நைட்ரஜன்) மணிச்சத்திலும் (பாஸ்பரஸ்) ஏறத்தாழ பாதியை, பல மரங்களில் அதற்கும் மேலாகவே, மரம் உள்ளே இழுத்துச் சேமித்துக்கொள்கிறது. பச்சையம் சிதையும்போது அதுவரை மறைந்திருந்த மஞ்சள் நிறமிகள் வெளிப்படுகின்றன.

ஆனால் சுண்ணாம்புச்சத்தை (கால்சியம்) மரத்தால் அப்படித் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. அது செல்சுவர்களோடு பிணைந்து இலையிலேயே தங்கிவிடுகிறது. வேர் ஆழத்திலிருந்து மேலே கொண்டுவந்த சுண்ணாம்புச்சத்து மீண்டும் மண்ணைச் சேர்வதற்கு அந்த இலை விழுந்த இடத்தில் கிடந்து மக்குவதுதான் முதன்மையான வழி. கூட்டி அள்ளிக்கொண்டு போனால் அந்தச் சத்து காட்டை விட்டே போய்விடுகிறது. எரித்தாலோ, தழைச்சத்தின் பெரும்பகுதி புகையோடு போகிறது. சாம்பலில் தங்கும் மற்றச் சத்துகளைக் காற்றும் முதல் மழையும் அடித்துச் செல்கின்றன.

இந்த இழப்பு எவ்வளவு பெரியது என்பதற்கு அமெரிக்காவின் நியூஹாம்ப்ஷயர் மாநிலத்திலுள்ள ஹப்பர்ட் புரூக் ஆய்வுக்காட்டை எடுத்துக்காட்டாகச் சொல்வேன். அங்கே அமில மழை பல பத்தாண்டுகளாக மண்ணின் சுண்ணாம்புச்சத்தை அரித்துக்கொண்டு போனது. 1999ல் ஆய்வாளர்கள் சுமார் 12 ஹெக்டேர் பரப்புள்ள ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியின்மேல் ஹெலிகாப்டரிலிருந்து சுண்ணாம்புச்சத்துள்ள கனிமத்தைத் தூவினார்கள். அதன்பின் அங்கிருந்த சர்க்கரை மேப்பிள் மரங்கள் நலம் தேறின. அங்கே சத்தை அரித்துச் சென்றது மழை. இங்கே நாம் ஆண்டுதோறும் தீக்குச்சியாலும் விளக்குமாறாலும் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறோம்.

இது புதிதாகக் கண்டறிந்த உண்மையும் அன்று. மத்திய ஐரோப்பாவில் மாட்டுத் தொழுவங்களில் பரப்புவதற்காகக் காட்டுச் சருகை நூற்றாண்டுக்கணக்கில் வாரிச் சென்றார்கள். மண் வளமிழந்தது, அமிலத்தன்மை கூடியது, மரங்களின் வளர்ச்சி குன்றியது. பவேரியாவில் எர்ன்ஸ்ட் ஈபர்மாயர் என்னும் அறிஞர் காட்டுச் சருகில் எத்தனை சத்து அடங்கியிருக்கிறது, அதை அகற்றினால் மண் எதை இழக்கிறது என்பதை ஆராய்ந்து 1876லேயே விரிவாக வெளியிட்டார். அந்த ஏழை உழவர்களுக்காவது வைக்கோல் பற்றாக்குறை என்ற காரணம் இருந்தது. நமக்கு அதுவும் இல்லை.

ஒரு பிடிச் சருகை மெல்ல விலக்கிப் பார்த்தவர்கள் அதைக் குப்பை என்று சொல்ல மாட்டார்கள். மேலே இருப்பது இந்த ஆண்டின் சருகு. காய்ந்து மொரமொரப்பாக இருக்கும். அதன் கீழே போன ஆண்டின் இலைகள் கறுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, கோடையிலும் விரலில் படுகிற அளவு ஈரத்தோடு இருக்கும். சில இலைகளில் சதை முழுவதும் போய் நரம்பு வலை மட்டும் எஞ்சியிருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் சல்லடைபோலத் தெரியும். அந்த இலைகளுக்கு நடுவே நூலைவிட மெல்லிய வெண்ணிறப் பூஞ்சை இழைகள் ஓடும். அவற்றுள் ஒருவகை மரவேர்களோடு கூடி வாழ்ந்து, வேர் எட்டாத இடத்திலிருந்து நீரையும் மணிச்சத்தையும் கொண்டுவந்து தருகின்றன. இந்தக் கூட்டுவாழ்வுக்கு 1885ல் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் என்னும் ஜெர்மானியத் தாவரவியலாளர் ‘மைக்கோரைசா’ என்று பெயரிட்டார். இன்னும் கீழே இலை என்று அடையாளம் காண எதுவும் இல்லை. கறுத்த, பொலபொலப்பான மட்கு மட்டுமே இருக்கும். முதல் மழையில் எழும் மண்வாசனைக்குப் பெருங்காரணமான ஜியோஸ்மின் என்னும் பொருளை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் வாழ்வது இப்படிப்பட்ட மண்ணில்தான். பார்த்து முடித்ததும் விலக்கிய சருகை அப்படியே மூடிவைத்துவிட வேண்டும்.

மரவட்டையும் கரையானும் மண்புழுவும் இந்த அடுக்கில்தான் உழைக்கின்றன. பறவைகள் சில சருகைப் புரட்டிப் புரட்டி இரை தேடுவதைக் காட்டில் சற்று நேரம் அமைதியாக உட்கார்ந்தால் எவரும் கேட்கலாம். அரணை ஒன்று அடியில் ஓடும்போது சருகின்மேல் ஒரு கோடு நகர்ந்துபோவது தெரியும்.

பெரிய காடாக இருந்தால் ஒரு மூலையில் நேர்ந்த சேதத்தை மறுமூலை ஈடுகட்டும். சிறு காட்டுக்கு அந்த வசதி இல்லை. பக்கத்துக்கு 200 மீட்டர் உள்ள ஒரு சதுரக் காட்டை எண்ணிப் பாருங்கள். அது 4 ஹெக்டேர். வெளிக்காற்றும் வெயிலும் களைச்செடிகளும் ஓரத்திலிருந்து 50 மீட்டர் உள்ளே வருகின்றன என்று வைத்துக்கொண்டால், காட்டின் உண்மையான உட்பகுதியாக எஞ்சுவது ஒரே ஒரு ஹெக்டேர். பக்கத்துக்கு 100 மீட்டராகச் சுருங்கினால் உட்பகுதி என்று ஒன்றுமே மிஞ்சாது, முழுவதும் ஓரமாகிவிடும். அத்தகைய இடத்தில் ஒரு பந்தலளவு நிலத்தைப் பெருக்கி எரிப்பதைச் சிறு காரியம் என்று ஒதுக்கிவிட முடியாது.

நடப்பதிலும் இதே கவனம் வேண்டும். பாதையை விட்டு ஆளுக்கொரு பக்கமாக நடந்தால் சுமை பரவிக் குறையும் என்று பலரும் எண்ணுகிறார்கள். மலையேறுவோரும் நடைப்பயணிகளும் செல்லும் பாதைகளை ஆராய்ந்தவர்கள் கண்டது இதற்கு நேர்மாறானது: மிதிபடாத நிலத்தில் சேதத்தின் பெரும்பகுதி முதலில் நடக்கும் சிலராலேயே ஏற்பட்டுவிடுகிறது, ஏற்கனவே இறுகிப்போன பாதையில் மேலும் நூறு பேர் நடந்தாலும் கூடுதல் கேடு மிகச் சொற்பம். எனவே எத்தனை பேர் போனாலும் ஒரே தடத்தில் போவதுதான் காட்டுக்கு நல்லது. என் கண்ணில் பட்ட பக்கியின் முட்டைகள் பாதையிலிருந்து இரண்டடி தள்ளித்தான் இருந்தன என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள்.

சருகு தீப்பற்றும் என்பார்கள். உண்மைதான், கோடையில் ஒரு சிகரெட் துண்டு போதும். ஆனால் அந்த அச்சம் தீக்குச்சியைக் காட்டுக்குள் கொண்டுவராமல் இருப்பதற்கான காரணமே அன்றி, சருகை எரிப்பதற்கான காரணம் ஆகாது. காட்டின் எல்லையில் தீத்தடுப்புக் கோடு இட்டுப் பராமரிப்பது பயிற்சி பெற்றவர்களின் வேலை. அதை நான் எதிர்க்கவில்லை. தேக்கு போன்ற முதிர்ந்த மரங்கள் தரைத்தீயைத் தாங்கிக்கொள்ளும் என்பதையும் அறிவேன்; அவற்றின் நாற்றுகள் ஆண்டுதோறும் வரும் தீயைத் தாங்குவதில்லை. பாம்புக்கு அஞ்சுவோர் பாதையிலேயே நடந்து, மூடிய காலணி அணிந்து, கை வைக்கும் இடத்தையும் உட்காரும் இடத்தையும் பார்த்துக்கொண்டால் போதும்.

வெட்டப்பட்ட அந்தப் பட்ட மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் மூன்று பொந்துகள் இருந்தன. மரங்கொத்தி குடைந்து ஒரு பருவம் வாழ்ந்துவிட்டுப் போன பொந்தில் பின்னர் மைனாவோ கிளியோ சிறு ஆந்தையோ குடிபுகுகிறது. இவற்றால் தாமாக உறுதியான மரத்தைக் குடைய முடியாது. பாதையில் நடப்போர்மேல் விழும் அபாயம் இருந்தாலொழிய, பட்ட மரத்தை நிற்கவிட வேண்டும். விழுந்ததை விழுந்த இடத்தில் கிடக்கவிட வேண்டும்.

இலையில்லாத பருவத்தில் காட்டில் என்ன இருக்கிறது என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். நம் முன்னோர் பாலையைத் தனி நிலமாகக் கொள்ளாமல், முல்லையும் குறிஞ்சியும் வேனிலில் திரிந்து எய்தும் நிலையாகக் கண்டார்கள். மழை வந்தால் அது மீண்டும் முல்லையாகும். காட்டின் கட்டமைப்பை முழுவதுமாகப் பார்க்க வாய்ப்பதும் அந்தப் பருவத்தில்தான். எந்தக் கிளை எங்கே பிரிகிறது, எந்தக் கவட்டில் பழைய கூடு இருக்கிறது, எந்த மரம் ஒளிக்காக எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். ஒரு சிறு கிளையை ஒடிக்காமல் கண்ணருகே தாழ்த்திப் பாருங்கள். இலை விழுந்த தழும்பில் புள்ளி புள்ளியாக நரம்பு அறுந்த தடங்கள் இருக்கும். அதற்கு நேர் மேலே, அடுத்த பருவத்தின் தளிர் மொட்டாகக் காத்திருக்கும். புரசு மரமோ இலையெல்லாம் உதிர்த்த பிறகுதான் கிளை நிறையச் செம்மஞ்சளாகப் பூக்கிறது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். காடுகளில் நடக்கும் தூய்மைப் பணிகளைத் தங்கள் நாளிதழ் படத்தோடு வெளியிட்டு ஊக்குவிக்கிறது. அது தொடர வேண்டும். அந்தச் செய்திகளை எழுதும் செய்தியாளர்கள், நிரம்பிய சாக்குகளின் எண்ணிக்கையோடு, அவற்றினுள் இருந்தது நெகிழியா சருகா என்பதையும் கேட்டு ஒரு வரி சேர்த்தால் நன்றாக இருக்கும். அடுத்த வாரம் அந்த இளைஞர்களோடு மீண்டும் அந்தக் காட்டுக்குப் போகிறேன். கரிவட்டத்தைச் சுற்றிக் குச்சிகள் நட்டு, யாரும் மிதிக்காமல் விட்டுவைப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்