ஆண்டறிக்கை: இன்னும் ஓய்வு பெறாத கார்பைனும் நம் உறுப்பினர்களின் நினைவுகளும்

தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், மூத்த உறுப்பினர்கள், மறைந்த தோழர்களின் குடும்பத்தார் அனைவருக்கும் முன்னாள் ராணுவத்தினர் சங்கச் செயலாளரின் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதம் தவறாமல் கூடியது. பென்ஷன் திருத்தம், முன்னாள் வீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.ஹெச்.எஸ். அட்டை, பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் ஆயுள் சான்று ஏற்றுவது என்று வந்த எல்லோருக்கும் முடிந்த உதவியைச் செய்தோம். குடும்ப பென்ஷன் கோப்புகள் சில இன்னும் நிலுவையில் இருக்கின்றன, அவற்றை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறோம். கணக்கு தணிக்கை முடிந்துவிட்டது, பொருளாளர் தனியாக வாசிப்பார். இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த தோழர்களுக்குக் கூட்டத் தொடக்கத்தில் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினோம். அவர்களில் இரண்டு பேரின் குரலை நம்மால் முன்கூட்டியே பதிவு செய்ய முடிந்தது. அந்தப் பதிவு வேலையைப் பற்றித்தான் இந்த அறிக்கையில் அதிகம் சொல்லப் போகிறேன்.

ஒரு செயற்குழுக் கூட்டத்தில் பேச்சோடு பேச்சாக ஒரு உறுப்பினர், தன் மகன் பணியில் இருக்கும் யூனிட்டின் கோத்தில், அதாவது ஆயுத அறையில், இன்னமும் 9 மி.மீ. கார்பைன் 1ஏ1 என்ற குட்டையான தானியங்கித் துப்பாக்கி இருக்கிறது என்றார். "அப்பன் ஜமா பண்ணிட்டு (ஒப்படைத்துவிட்டு) வந்த துப்பாக்கிய மகன் இஷ்யூ வாங்குறான்" என்று அவர் சொன்னதும் அன்றைய அஜெண்டா அப்படியே நின்றுபோனது. ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். முப்பது வருஷமாகக் கையில் தொடாத ஆயுதத்தைப் பற்றி நேற்று கோத்தில் வைத்துவிட்டு வந்ததுபோல் பேசினார்கள். இதையெல்லாம் எழுதி வைக்காமல் விட்டால் அது நம்மோடு போய்விடும் என்று அன்றைக்கே முடிவு செய்து, உறுப்பினர்களின் நினைவுகளைக் குரலாகவும் எழுத்தாகவும் சேர்க்க ஆரம்பித்தோம். ஒரே நிபந்தனைதான். யூனிட் இருந்த இடம், போஸ்ட், இன்றைய படையமைப்பு எதுவும் பதிவில் வரக் கூடாது. ஆயுதத்தைப் பிடித்த கையின் அனுபவம் மட்டும் போதும்.

மூத்தவர்களிடமிருந்து தொடங்கினோம். ஸ்டென்கன் பிடித்தவர்கள் சங்கத்தில் ஒரு கை விரலுக்குள்தான் இருக்கிறார்கள். 1941-ல் பிரிட்டனில் ரெஜினால்ட் ஷெப்பர்டும் ஹரால்ட் டர்பினும் வடிவமைத்த துப்பாக்கி அது. போர் அவசரத்தில் குழாயையும் தகட்டையும் வெல்டு வைத்து சுமார் 40 லட்சம் செய்து தள்ளினார்கள். அதன் மேல் நம் பெரியவர்களுக்கு இருப்பது பாசம் என்று சொல்ல முடியாது, எச்சரிக்கை என்றுதான் சொல்ல வேண்டும். தோட்டா அடுக்கும் பெட்டியான மேகசின் 32 ரவுண்ட் (தோட்டா) பிடிக்கும், ஆனால் இரண்டு வரிசையாக வரும் ரவுண்டுகள் வாய்க்கு வரும்போது ஒரே வரிசையாக ஒடுங்க வேண்டும், அங்கேதான் சிக்கிக்கொள்ளும். அதனால் 28, மிஞ்சிப் போனால் 30, அதற்கு மேல் யாரும் நிரப்ப மாட்டார்கள். மேகசின் மாட்டியிருக்கும்போது துப்பாக்கி கை தவறிக் கீழே விழுந்தால், அந்த அதிர்ச்சியில், தோட்டாவைத் தள்ளிச் சுடும் இரும்புத் துண்டான போல்ட் பின்னால் போய்த் திரும்பி ஒரு ரவுண்டைச் சுட்டுவிடும் என்கிற பயம் எப்போதும் இருந்தது. லாரியில் இருந்து குதிக்கும் முன் மேகசினைக் கழற்றிக்கொள்வது தன் பழக்கம் என்றார் ஒருவர். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையாம், கண்ணால் பார்த்த ஒரு விபத்துக்குப் பிறகு வந்த பழக்கமாம்.

ஆனாலும் அந்த ஸ்டென்கன்னோடு என்ன செய்தார்கள் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 1948 பிப்ரவரி 6-ஆம் தேதி, நௌஷேரா பக்கம் தைன் தார் முகட்டில், ராஜபுத்திர ரெஜிமென்ட் முதல் பட்டாலியனின் நாயக் ஜதுநாத் சிங், தன் பிக்கெட்டில் (காவல் நிலையில்) இருந்த எல்லோரும் விழுந்த பிறகு ஸ்டென்கன்னோடு தனி ஆளாக வெளியே பாய்ந்து, ஏறி வந்துகொண்டிருந்த எதிரியைக் கலைத்து ஓட வைத்துவிட்டு அங்கேயே உயிர் விட்டார். அவருக்குப் பரம வீர சக்கரம் கிடைத்தது. நம் உறுப்பினர்களில் ஒருவர் ரெக்ரூட்டாக இருந்த காலத்தில் உஸ்தாத் (பயிற்சியாளர்) இந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் ஆயுதத்தையே கையில் கொடுப்பாராம்.

அப்புறம் கார்பைன். இங்கேதான் பதிவு நிரம்பி வழிகிறது, ஏனென்றால் நம்மில் முக்கால்வாசிப் பேர் அதைப் பிடித்தவர்கள். செக்‌ஷன் கமாண்டர்கள், வயர்லெஸ் ஆபரேட்டர்கள், டிரைவர்கள், டாங்க் குழுவினர் எல்லோரும் இருக்கிறார்கள். ஜார்ஜ் பாட்சட் என்பவர் இரண்டாம் உலகப் போர் நடக்கும்போதே வடிவமைத்தது, ஸ்டெர்லிங் என்ற பெயரில் 1953-ல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்டது, நமக்குக் கான்பூர் ஸ்மால் ஆர்ம்ஸ் ஃபேக்டரியில் தயாராகி வந்தது. பிரிட்டன் 1990-களில் அதைக் கைவிட்டுவிட்டது. நாம் இன்னும் விடவில்லை.

ஆயுதப் பயிற்சி உஸ்தாதாக இருந்த ஹவில்தார் ஒருவரை உட்கார வைத்துக் கேட்டபோது அவர் வாயால் விளக்கவே இல்லை. மூலையில் இருந்த குடையை எடுத்தார், மடக்கியபடியே வலது கையில் பிடித்து இடது உள்ளங்கையை அடியில் கொடுத்தார். "மேகசினைப் பிடிக்காதே" என்று எங்களைப் பார்த்துச் சத்தம் போட்டார், பிறகு ஒவ்வொருவர் கையிலும் குடையைக் கொடுத்து மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிச் சரி செய்தார். ஓட்டை போட்ட பேரல் உறையின் அடியில் இடது கை இருக்க வேண்டும், விரல்கள் வலது பக்கம் வளைந்து ஏறும், அங்கே காலித் தோட்டா உறை தெறிக்கும் வாய்க்கு முன்னால் ஒரு சின்ன இரும்புத் தடுப்பு இருக்கும், விரல் நழுவி வாய்க்குள் போகாமல் இருக்க. அந்தத் தடுப்பை எங்களில் பலர் மறந்தே போயிருந்தோம். அவர் குடைத்துணியின் மேல் நகத்தால் கோடு போட்டு இடத்தைக் காட்டியதும் எல்லோருடைய விரலும் தானாக ஒரு அங்குலம் பின்னால் நகர்ந்தது. இதை நான் என் கண்ணால் பார்த்தேன். இப்படிப்பட்ட அறிவு எந்தக் கையேட்டிலும் முழுசாக ஏறாது, அதனால்தான் இந்த வேலைக்கு இவ்வளவு அடம்பிடிக்கிறேன்.

ஸ்டென் செய்த வம்பை கார்பைன் ஏன் செய்யவில்லை என்பதற்கு கோத் பொறுப்பில் இருந்த ஒரு என்.சி.ஓ. (ஹவில்தார், நாயக் போன்ற பதவி) கொடுத்த விளக்கம் தெளிவாக இருந்தது. கார்பைனின் வளைந்த மேகசினில் 34 ரவுண்ட். வாய்ப் பகுதியில் ஒரே வரிசையாக ஒடுங்காமல் இடது, வலது என்று மாறி மாறி ஏறும். உள்ளே தோட்டாவைத் தள்ளும் இடத்தில் தகட்டுக்குப் பதில் இரண்டு உருளைகள். போல்ட்டின் மேல் சுருளாக வரிகள் வெட்டியிருப்பார்கள், மணலோ சேறோ உள்ளே போனால் அந்த வரிகளே வழித்து ஒதுக்கிவிடும். பாலைவனத்தில் பணி செய்தவர்கள் எல்லோரும் இதை ஒரே குரலில் சொன்னார்கள். மற்ற ஆயுதம் வைத்திருப்பவர்கள் அதைக் கழற்றித் துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருக்கும்போது தங்கள் வேலை சீக்கிரம் முடிந்துவிடும் என்று ஒரு டிரைவர் சொன்னதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

டாங்க்கில் இருந்தவர்களின் காரணம் வேறு. கார்பைனின் பட் பகுதியை, அதாவது தோளில் வைக்கும் பின்பகுதியை, அடியில் மடக்கினால் அரை மீட்டருக்கும் குறைவான நீளம்தான். டாங்க்கின் சுழலும் மேல்பகுதியான டரெட்டுக்குள் தொங்கவிடலாம், எரிகிற டாங்க்கிலிருந்து ஹேட்ச் வழியாக வெளியே வரும்போது எதிலும் மாட்டாது. அமெரிக்க டாங்க் வீரர்கள் இரண்டாம் உலகப் போர்க்காலத்து எம்3 துப்பாக்கியை 1991 வளைகுடாப் போர் வரைக்கும் வைத்திருந்ததற்கும் இதுதான் காரணம். அந்த எம்3-ஐச் செய்தது கார் ஹெட்லைட் செய்யும் தொழிற்சாலை, பார்த்தால் கிரீஸ் அடிக்கும் கருவி மாதிரியே இருப்பதால் வீரர்கள் கிரீஸ் கன் என்றே கூப்பிட்டார்கள். பிலிப்பைன்ஸ் கடற்படை அதைத் தூசி தட்டிச் சத்தம் அடக்கும் குழாய் மாட்டி மறுபடியும் பணிக்குக் கொண்டுவந்தது. இந்த மாதிரிக் குட்டைத் தானியங்கித் துப்பாக்கி, அதாவது பழைய சப்மெஷின் கன், எல்லா நாட்டிலும் நினைத்ததைவிட அதிக நாள் வாழ்கிறது.

சத்தம் அடக்கும் குழாய் என்றதும், கார்பைனின் சத்தம் அடக்கிய வகையான 2ஏ1 பற்றிச் சொல்ல வேண்டும். பேரலில் வரிசையாக 72 துளைகள், அதன் வழியாக வாயு பிரிந்து குண்டின் வேகம் ஒலியின் வேகத்துக்குக் கீழே வந்துவிடும், சாதாரண 9 மி.மீ. ரவுண்டே போட்டால் போதும். அதைச் சுட்ட ஒரே உறுப்பினர் சொன்னது: வெடிச் சத்தத்தைவிட போல்ட் முன்னால் ஓடி முட்டும் சத்தம்தான் காதில் விழும். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்ல மறுத்துவிட்டார், நாங்களும் கேட்கவில்லை.

சரி, இப்போது செயற்குழுவில் நடந்த வாக்குவாதம். குறைகளைப் பதிவில் சேர்க்கலாமா வேண்டாமா என்று இரண்டு தரப்பாகப் பிரிந்து நின்றோம். நம்மைக் காப்பாற்றிய ஆயுதத்தைக் குறை சொல்லக் கூடாது என்றார்கள் சிலர். அவர்கள் மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் என் கருத்து அன்றும் இன்றும் ஒன்றுதான், அந்த ஆயுதம் இன்னும் ஒரு இளைஞனின் கையில் இருக்கிறது, அதனால் உண்மை முழுசாக இருக்க வேண்டும். ட்ரிகரை அழுத்தியதும் முதலில் அந்தக் கனமான போல்ட் முன்னால் ஓடும், ரவுண்டைத் தள்ளிக்கொண்டு போய் முட்டும்போதுதான் சுடும், அந்த இடைவெளியில் குறி ஒரு ஆட்டம் ஆடும். நிமிஷத்துக்கு 550 ரவுண்ட் வேகம், விரலை எடுக்காமல் விட்டால் நான்கு வினாடிக்குள் 34-ம் தீர்ந்துவிடும். குறி பார்க்கும் சைட்டில் 100, 200 என்று இரண்டு தூரம் இருக்கும், 200-ஐ நம்பிச் சுட்டவர் யாரையும் எங்கள் பதிவில் நான் பார்க்கவில்லை.

1987-க்குப் பிறகு அமைதிப்படையில் இலங்கைக்குப் போய் வந்தவர்கள் சொன்னதைத் தட்டச்சு செய்யும்போது எனக்குக் கை ஓடவில்லை. எதிரே ஏ.கே.-47, அதன் ரவுண்ட் 300 மீட்டரிலும் ஆளைக் கொல்லும். செக்‌ஷனை நடத்திப் போகிற ஆளின் கையில் கார்பைன். ஒரு முன்னாள் நாயக் சொன்னார்: "தம்பி, அவன் சுடுறது என்கிட்ட வந்து சேருது, நான் சுடுறது பாதி வழியிலயே நிக்குது." பக்கத்தில் விழுந்தவரின் எஸ்.எல்.ஆர். ரைபிளை எடுத்துக்கொண்டு கார்பைனை முதுகில் போட்டுக்கொண்டேன் என்று அவர் முடித்தார். வீட்டுக்குள், அறைக்குள் புகும்போது மட்டும் மறுபடியும் கார்பைனைத்தான் கையில் எடுத்தாராம், அங்கே எஸ்.எல்.ஆர். நீளம் இடிக்கும் என்பதால். ஒரே ஆளின் வாயில் குறையும் நிறையும் இரண்டும் வந்துவிட்டன, அதனால் அந்தப் பதிவை ஒரு வரிகூட வெட்டாமல் வைத்திருக்கிறேன்.

இன்றைக்குக் குண்டு துளைக்காத கவசம் எல்லோரிடமும் வந்துவிட்டது, 9 மி.மீ. அதன் முன் திணறுகிறது. மாற்று வேண்டும் என்பது ராணுவத்துக்கும் தெரியும். 2018-ல் 93,895 கார்பைன் வாங்க ஒரு வெளிநாட்டு நிறுவனம் தேர்வாகி, ஒப்பந்தம் ஆகாமலேயே 2020-ல் அது கைவிடப்பட்டது. 2022 ஜூலையில் சுமார் 4 லட்சம் கார்பைன் உள்நாட்டிலேயே வாங்க ஒப்புதல் கிடைத்தது. புதியது வந்து சேரும் வரை பழையதோடுதான் பிள்ளைகள் நிற்பார்கள். சீக்கிரம் வரட்டும். நாம் பிடித்த ஆயுதத்தின் மேல் நமக்குள்ள பாசம் அவர்கள் உயிரைவிடப் பெரிசு இல்லை.

இதுவரை சேர்ந்த பதிவுகளைத் தட்டச்சு செய்து அலுவலக அலமாரியில் கோப்பாக வைத்திருக்கிறோம். பெயர் போட விரும்பாதவர்களின் பதிவில் பதவி மட்டும் இருக்கும். தட்டச்சு செய்து கொடுத்த உறுப்பினர்களின் பேரப்பிள்ளைகளுக்குச் சங்கத்தின் நன்றி. ராணுவச் சொற்கள் பல அவர்களுக்குப் புதிது, இருந்தும் சலிக்காமல் திரும்பத் திரும்பக் கேட்டு எழுதினார்கள். இன்னும் பேசாதவர்கள் பலர் இருக்கிறார்கள். குறிப்பாக ஸ்டென் காலத்து மூத்தவர்களுக்கு நடக்க முடியாவிட்டால் சொல்லி அனுப்புங்கள், நாங்களே வீட்டுக்கு வருகிறோம். கணவர் சொல்லக் கேட்ட கதைகள் நினைவில் உள்ள வீர மனைவியர் பேசினாலும் மிகவும் சந்தோஷம். ஆயுதத்தைக் கழற்றிக் காட்டும் பழைய பயிற்சிப் படங்கள், நோட்டுப் புத்தகங்கள் இருந்தால் கொண்டுவாருங்கள், நகல் எடுத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பித் தந்துவிடுவோம்.

அடுத்த ஆண்டு எஸ்.எல்.ஆர். பற்றியும் எல்.எம்.ஜி. (இலகு இயந்திரத் துப்பாக்கி) பற்றியும் இதேபோல் சேர்க்கலாம் என்று செயற்குழு முன்மொழிகிறது. பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டுகிறேன். தங்கள் பதிவில் திருத்தம் இருப்பவர்கள் இன்று கூட்டம் முடிந்ததும் என்னிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். இப்போது கணக்கறிக்கையை வாசிக்கப் பொருளாளரை அழைக்கிறேன்.