"புகைப்பவரா?" என்ற கேள்வி மலையகத்துக்குப் போதாது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஆயுள் காப்புறுதிக்கோ வேலைக்கான மருத்துவச் சான்றிதழுக்கோ போகிறவர்களிடம் சில வேளைகளில் சிறுநீர் வாங்கி, புகையிலையிலுள்ள நிக்கொட்டின் உடம்புக்குள் போயிருக்கிறதா என்று காட்டும் கொட்டினின் பரிசோதனை செய்கிறார்கள். கூடவே நிரப்பும் படிவத்தில் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: நீங்கள் புகைப்பவரா? கொழுந்து பறிக்கும் பெண் "இல்லை" என்கிறார். அது உண்மை. ஆனால் காலையில் பிரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) போகும்போதே வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்போடு ஒரு துண்டு புகையிலையும் வாய்க்குள் போய்விடுகிறது. முடிவு பொசிட்டிவ் என்று வருகிறது. உண்மையைச் சொன்னவர் பொய் சொன்னவராகப் பதியப்படுகிறார். ஆய்வுகூட வேலை தெரிந்தவர்கள் என்ற முறையில் இதைச் சுட்டிக்காட்டாமல் இருக்க முடியவில்லை.

இந்தப் பரிசோதனை புகையைத் தேடுவதில்லை. நிக்கொட்டின் எந்த வழியால் உடம்புக்குள் போனாலும் ஈரல் அதில் பெரும்பகுதியைக் கொட்டினினாக மாற்றுகிறது. அது சிறுநீரில் வெளியேறுகிறது. சிகரட், பீடி, சுருட்டு, மெல்லும் புகையிலை, மூக்குப்பொடி, இ-சிகரட், பழக்கத்தை விடுவதற்காக வைத்தியர் தரும் நிக்கொட்டின் சுவிங்கம் என எதுவானாலும் சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் ஸ்ட்ரிப்புக்கு (பரிசோதனைப் பட்டைக்கு) ஒன்றுதான். நாள் முழுக்கப் புகையிலையைக் கன்னத்தில் அடக்கி வைத்திருப்பவரின் அளவு, சிகரட் பிடிப்பவரின் அளவுக்குக் குறைந்ததல்ல. நிக்கொட்டினையே அளக்காததற்கும் காரணம் உண்டு. இரத்தத்தில் அது ஏறத்தாழ 2 மணித்தியாலத்தில் பாதியாகிவிடும். சிறுநீரின் அமிலத்தன்மையைப் பொறுத்து வெளியேறும் அளவும் ஏறி இறங்கும். விரலில் ஒட்டிய புகையிலைத் தூள் போத்தலுக்குள் விழுந்தாலும் கணக்குக் கெட்டுவிடும். கொட்டினின் பாதியாவதற்கு ஏறத்தாழ 16 மணித்தியாலம் எடுக்கும் என்பதால் அதை நம்பி அளக்கலாம்.

தேயிலையிலும் கத்தரிக்காய், தக்காளி, உருளைக்கிழங்கிலும் மிக நுண்ணிய அளவில் நிக்கொட்டின் இருப்பது உண்மைதான். அதற்காகக் கொழுந்து பறித்தோ தேத்தண்ணி குடித்தோ ஒருவருக்குப் பொசிட்டிவ் வராது.

அதிகம் பிழை நடப்பது ஸ்ட்ரிப்பை வாசிப்பதில். கர்ப்பம் பார்க்கும் ஸ்ட்ரிப்பில் இரண்டு கோடு விழுந்தால் 'உண்டு' என்று எல்லோருக்கும் தெரியும். கொவிட் அன்டிஜன் பரிசோதனையும் அப்படியே. கொட்டினின் ஸ்ட்ரிப் இதற்கு நேர்மாறு. பரிசோதனைக் கோடு விழ வேண்டிய 'டி' என்ற இடத்தில் கொட்டினினை முன்கூட்டியே ஒட்டி வைத்திருக்கிறார்கள். நிறமேற்றிய பிறபொருளெதிரிகள் சிறுநீரோடு ஓடிவந்து அதில் பற்றினால்தான் கோடு தெரியும். சிறுநீரில் ஏற்கனவே கொட்டினின் நிறைய இருந்தால் அவை வழியிலேயே பிடிபட்டுவிடும்; 'டி' கோடு விழாது. ஆகவே இரண்டு கோடு என்றால் நெகட்டிவ், ஸ்ட்ரிப் சரியாக வேலை செய்ததைக் காட்டும் 'சி' கோடு மட்டும் என்றால் பொசிட்டிவ், 'சி' கோடே இல்லையென்றால் ஸ்ட்ரிப் பழுது. 'டி' கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் அது கோடுதான். நெகட்டிவ் என்றே எழுத வேண்டும். "மங்கலாக இருக்கிறது, கொஞ்சம் பாவித்திருப்பார்" என்று ஊகிக்க இடமில்லை.

மலையகக் குளிர் தனியாகப் படுத்தும். சிறுநீர் புதிதா, அந்த ஆளுடையதுதானா என்று பார்க்க, போத்தலைப் பெற்று 4 நிமிடத்துக்குள் வெப்பநிலை பார்ப்பார்கள்; 32 முதல் 38 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும். நுவரெலியாவில் விடியற்காலையில் போத்தலை ஜன்னலோரம் வைத்துவிட்டு ஆறுதலாகப் பார்த்தால் நேர்மையானவரின் சிறுநீரும் குளிர்ந்து சந்தேகத்துக்குள்ளாகும். குளிர்ந்த சிறுநீரில் யூரேற்று உப்புகள் படிந்து கலங்கலாகும். அதை அப்படியே விட்டால் ஸ்ட்ரிப்பில் ஓட்டம் தடைப்படும். அறை வெப்பநிலைக்கு வரவிட்டு, அடியில் படிந்த பிறகு மேலே தெளிந்ததை எடுக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த ஸ்ட்ரிப்பையும் உறை பிரிக்காமலே அறை வெப்பநிலைக்கு வரவிட வேண்டும். இல்லையேல் ஈரம் கோர்க்கும். மூடுபனி இறங்கும் நாட்களில் வரிசையில் நிற்பவர்களுக்கென்று பத்து உறைகளை முன்கூட்டியே கிழித்து வைப்பது பெரும் பிழை. ஸ்ட்ரிப்பில் குறித்திருக்கும் எல்லைக் கோட்டுக்கு மேல் நனையாமல் 10 முதல் 15 செக்கன் தோய்க்க வேண்டும். பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஸ்ட்ரிப் இருக்கும் கசெட் வகை என்றால் 3 துளி. 5ஆவது நிமிடத்தில் வாசிக்க வேண்டும். 10 நிமிடம் தாண்டியதை எழுதவே கூடாது.

ஸ்ட்ரிப்புகள் பலவற்றின் வெட்டு அளவு, அதாவது பொசிட்டிவ் என்று காட்டத் தொடங்கும் எல்லை, மில்லிலீற்றருக்கு 200 நானோகிராம். 100 என்றும் உண்டு. எந்த அளவு என்பதை அறிக்கையில் எழுதாவிட்டால் 'நெகட்டிவ்' என்ற சொல்லுக்குப் பொருளே இல்லை. கணக்கைப் பாருங்கள்: 1,600 நானோகிராம் உள்ளவர் நிறுத்தினால் 16 மணித்தியாலத்தில் 800, 32இல் 400, இரண்டு நாளில் 200. அதற்குப் பிறகு ஸ்ட்ரிப்புக்கு அவர் பாவிக்காதவர்! நிறையப் பாவிப்பவருக்கு இன்னும் ஓரிரு நாள் கூடும். அடுத்தவர் விடும் புகையை மட்டும் சுவாசிப்பவரிடம் சில நானோகிராமிலிருந்து சில பத்து நானோகிராம் வரைதான் இருக்கும். லயத்து அறையில் தகப்பன் சுருட்டுப் பிடிக்கும்போது பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளையை 200 ஸ்ட்ரிப் காட்டிக்கொடுக்காது. நெகட்டிவ் என்பதைக் காட்டி "பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று தகப்பனுக்குச் சொல்லவும் கூடாது. அதற்கு நுண்ணிய அளவையும் காணக்கூடிய ஆய்வுகூடக் கருவி வேண்டும்.

கர்ப்பிணித் தாய்மாரின் விடயம்தான் எங்களுக்கு அதிகம் கவலை தருகிறது. கர்ப்ப காலத்தில் உடம்பு கொட்டினினை மிக வேகமாக வெளியேற்றும்; பாதியாவதற்கு 9 மணித்தியாலம் போதும். மேலே சொன்ன அதே 1,600, 27 மணித்தியாலத்தில் 200க்கு இறங்கிவிடும். நேற்றுக் காலையோடு வாயிலிருந்த புகையிலையைத் துப்பிவிட்டு இன்று மதியம் கிளினிக்குக்கு வரும் தாய் நெகட்டிவ் ஆகலாம். மெல்லும் புகையிலை நிறை குறைந்த பிரசவத்தோடும், குழந்தை இறந்து பிறப்பதோடும் தொடர்புடையது. அந்தத் தாயிடம் மருத்துவமாது முகம் சுளிக்காமல் "அக்கா, வெற்றிலையோட பொகையிலையும் போடுவீங்களா? ஒரு நாளைக்கு எத்தனை வாய்?" என்று கேட்பது ஸ்ட்ரிப்பைவிட அதிகம் சொல்லும்.

புகையோடு உள்ளே போன காபன் மொனொக்சைட் வாயுவை மூச்சில் ஊதிப் பார்க்கும் கருவி இங்கே மாற்றாகாது. மெல்லும் புகையிலையை அது காணவே காணாது. விறகடுப்பின் முன் இருந்து வந்த பெண்ணுக்கோ வாசிப்பு ஏறிவிடும். விறகுப் புகையில் நிக்கொட்டின் இல்லாததால் கொட்டினின் பரிசோதனைக்கு அந்தக் குழப்பம் கிடையாது.

தண்ணீரை நிறையக் குடித்துவிட்டு வந்தால் எல்லாமே ஐதாகிவிடும். அதனால் கூடவே, சிறுநீரில் வழமையாக வெளியேறும் கழிவான கிரியட்டினினையும் பார்க்க வேண்டும். டெசிலீற்றருக்கு 20 மில்லிகிராமுக்குக் குறைந்தால் வேறொரு நாள் மீண்டும் சிறுநீர் கேட்பதே நியாயம். இரத்தத்துக்கான வெட்டு அளவைச் சிறுநீருக்குப் போடுவது இன்னொரு தவறு. சிறுநீரில் கொட்டினின் பல மடங்கு அதிகம்.

புகையிலையை விட்டுவிட்டு நிக்கொட்டின் சுவிங்கம் மெல்பவருக்கும் பொசிட்டிவ் வரும் அல்லவா? அவரைக் காப்பாற்றுவது அனபேசின். புகையிலைச் செடியில் இருக்கும் இந்தப் பொருள் மருந்துக் கடைச் சுவிங்கத்திலோ தோலில் ஒட்டும் நிக்கொட்டின் பிளாஸ்டரிலோ இல்லை. கொட்டினின் இருந்து அனபேசின் இல்லையென்றால் அவர் சொல்வதை நம்பலாம். ஸ்ட்ரிப்பால் இதைப் பார்க்க முடியாது. பொருட்களை மூலக்கூறின் திணிவைக் கொண்டு இனங்காணும் திணிவு நிறமாலைக் கருவி உள்ள ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும்.

புகையிலை சேர்க்காமல் வெற்றிலை பாக்கு மட்டும் போடுபவருக்கு முடிவு நெகட்டிவ்தான். ஆனால் பாக்கே புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்திவிட்டது. இலங்கை ஆண்களிடையே வாய்ப் புற்றுநோயே முன்னணியில் நிற்கிறது. சிறுநீர் எதைச் சொன்னாலும் வாயைத் திறக்கச் சொல்லி, கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைத் திட்டு, ஆறாத புண் இருக்கிறதா, வாய் முழுதாகத் திறக்கிறதா என்று பார்த்தே அனுப்ப வேண்டும்.

எங்கள் கோரிக்கை இதுதான். படிவத்தில் "புகைப்பவரா?" என்பதை எடுத்துவிட்டு, கடந்த 7 நாட்களில் சிகரட், பீடி, சுருட்டு, வெற்றிலையோடு புகையிலை, பொடி, இ-சிகரட், நிக்கொட்டின் மருந்து ஆகியவற்றில் எதை, கடைசியாக எப்போது பாவித்தீர்கள் என்று தமிழிலேயே கேளுங்கள். எழுத வாசிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள். ஸ்ட்ரிப் பொசிட்டிவ் என்றால் அன்றே தீர்ப்பு எழுதாமல், அதே சிறுநீரை 2 முதல் 8 பாகையில் மூடி வைத்து, 48 மணித்தியாலத்துக்குள் உறுதிப்படுத்தும் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அதற்கு மேல் தாமதமாகும் என்றால் உறையவையுங்கள்.

மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்கள் சிலர்,
ஹட்டன்.