கொட்டகையில் உட்கார்ந்து எழுதியது

பாலக்கோடு
மார்கழி 8, இரவு 11.30

அன்புள்ள கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை போனில் பேசியது போதவில்லை, அதனால் எழுதுகிறேன். எப்படியும் இன்று தூக்கம் கிடையாது. செவலைக்கு இன்று ராத்திரியோ விடியலிலோ கன்று வந்துவிடும். நாலாவது ஈத்து. மடி இறங்கிவிட்டது, வால் அடியில் இரண்டு பக்கமும் குழி விழுந்திருக்கிறது, சாயங்காலம் போட்ட தீவனம் போட்டபடி கிடக்கிறது. "மூணு ஈத்து கண்ட மாடு, அதுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு உங்கம்மா படுக்கப் போய்விட்டாள். நான் மப்ளரைக் கட்டிக்கொண்டு கொட்டகை ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். ரொம்பப் பக்கத்தில் போகவில்லை. ஆள் பக்கத்திலேயே நின்றால் மாடு ஈனுவதைத் தள்ளிப்போடும்.

நீ அனுப்பின கழுகு வீடியோவைப் பார்த்தேன். இரண்டு தடவை பார்த்தேன், இசை நன்றாக இருந்தது. நாற்பது வயதில் கழுகு மலை உச்சிக்குப் போகிறதாம். அலகைப் பாறையில் மோதி உடைத்துக்கொள்கிறதாம். புது அலகு முளைத்ததும் பழைய நகத்தையும் இறகையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஐந்து மாதம் கழித்து இன்னொரு முப்பது வருஷத்துக்குப் பறக்கிறதாம். உங்கள் கம்பெனிப் பயிற்சியில் இதைப் போட்டுக் காட்டினார்கள், எல்லாரும் கை தட்டினார்கள் என்றாய். நீயும் தட்டினாயா? கால்நடை ஆய்வாளர் மகள் தட்டியிருக்கக் கூடாது கண்ணு.

அலகு உடைந்த கழுகு பட்டினியில் செத்துப்போகும். அலகும் நகமும் நம் நகம் மாதிரிதான், ஒரு பக்கம் தேயும், ஒரு பக்கம் வளரும், உயிர் உள்ளவரை. இறகு விழுவது உண்மை. ஆனால் மொத்தமாக விழாது, ஒன்றிரண்டாக விழும். மார்க்கெட் கறிக்கடைக்கு மேலே வட்டமிடும் பருந்தை அடுத்த தடவை வரும்போது நிமிர்ந்து பார். சில மாதங்களில் இடது இறக்கையில் ஒரு இறகு அளவுக்குச் சந்து தெரியும், வலது இறக்கையில் ஏறக்குறைய அதே இடத்தில் இன்னொரு சந்து. இரண்டு பக்கமும் ஒத்து உதிர்வதால் சாயாமல் பறக்கிறது. அது புதுசாவது பறந்துகொண்டே, கறித்துண்டைப் பிடுங்கிக்கொண்டே. மலை உச்சிக்கு லீவு போட்டுப் போவதில்லை.

பார்த்தாயா, நானும் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டேன். இந்த வியாதி தொற்றும் போலிருக்கிறது.

மறுநாள் சிங்கமாம். "ரொம்ப மென்மையா இருக்கே, டீம் லீடர்னா சிங்கம் மாதிரி இருக்கணும்" என்று உன் மேனேஜர் சொன்னதாகச் சொன்னாய். சிங்கம் ஒரு நாளைக்கு இருபது மணி நேரம் வரைக்கும் படுத்தே கிடக்கும் என்று அவரிடம் யாராவது சொன்னார்களா? வேட்டையில் பெரும்பங்கு பெண் சிங்கங்களுடையது. அதிலும் பாதிக்கு மேல் கோட்டை விட்டுவிடும். ஆண் சிங்கத்தின் வேலை வேறு, அது கிடக்கட்டும். புனேயில் எட்டு மணி நேர டியூட்டியில் சிங்கமாக இருப்பது எப்படி என்று எனக்குப் புரியவில்லை.

சரி, நான் எழுத உட்கார்ந்தது இதற்கில்லை. அந்தப் பையனைப் பற்றித்தான். மூன்று மாதமாக உன் டீமில் இருக்கிறான், தனியாகக் கொடுத்தால் வேலையை முடித்துவிடுகிறான், மீட்டிங்கில் கேட்டால் வாயைத் திறப்பதில்லை, எவ்வளவு சத்தம் போட்டும் நகரமாட்டேன் என்கிறான், ரிவ்யூவில் கடுமையாக எழுதப் போகிறேன் என்றாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு 1989 ஞாபகமாகவே இருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம். பென்னாகரம் பக்கம், ஒகேனக்கல் சாலையிலிருந்து உள்ளே நடந்து போகிற ஊர். மாடுகளைக் கூட்டம் கூட்டமாகச் சாகடித்த வெக்கை நோய்க்குத் தடுப்பூசி போடப் போயிருந்தேன். அந்த நோய் இப்போது உலகத்திலேயே கிடையாது, 2011-ல் ஒழிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். அன்றைக்கு அந்தப் பேரைச் சொன்னாலே ஊர் நடுங்கும். மருந்து தூளாக வரும், ஐஸ் பெட்டியில் தூக்கிக்கொண்டு போய் ஊரில்தான் கலக்கணும். கலக்கிவிட்டால் சில மணி நேரம்தான் தாங்கும், மிஞ்சினது வீண். அதனால் எனக்கு ஒரே அவசரம். மாடுகளோ எல்லாம் ஆலம்பாடி. தெரியுமில்லையா, நம் ஜில்லாவின் சொந்த இனம், காவிரிக்கரை ஆலம்பாடியின் பேரை வைத்துக்கொண்டது. ஒடிசலான உடம்பு, பின்னால் வளைந்த கொம்பு. உழவுக்கும் வண்டிக்கும் அடித்துக்கொள்ள முடியாது. பால் கொஞ்சம், ரோஷம் நிறைய.

ஒரு பசு மரத்துப் பக்கம் வரமாட்டேன் என்று நின்றது. நான் ஊசியைக் கையில் பிடித்தபடி நேராகப் பின்னால் போய் முதுகில் ஒரு தட்டு தட்டினேன். அடுத்த நிமிஷம் நான் தரையில். முட்டிக்கு மேலே குளம்பு பதிந்து, பதினைந்து நாள் நொண்டினேன். கலக்கின மருந்து பாட்டிலும் போச்சு. ஊரே சிரித்தது. பொம்பளைகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

சிரிக்காதவர் ஒருத்தர்தான், மாட்டுக்காரப் பாட்டன். எழுப்பி உட்காரவைத்துவிட்டுச் சொன்னார்: "நீங்க வந்தது அதுக்குத் தெரியாது சார். பின்னாடி வந்தா நாயா நரியான்னு அது என்னத்தக் கண்டுச்சு? பேசிக்கிட்டே வாங்க." அப்புறம் செய்து காட்டினார். கொஞ்சம் தள்ளிப் பக்கவாட்டில் நின்று, என்னவோ வீட்டுக் கதை பேசுகிற மாதிரி அந்தப் பசுவிடம் பேசினார். காது அவர் பக்கம் திரும்புகிறவரைக்கும் நின்றார். திரும்பினதும் ஒரு எட்டு. முதலில் இடுப்பில் கை வைத்தார். வைத்த கையை எடுக்கவே இல்லை, தடவிக்கொண்டே தோளுக்கு, கழுத்துக்கு. மாடு பெருமூச்சு விட்டது. ஊசி போட்டதுகூட அதற்குத் தெரிந்ததா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். மாட்டுக்குக் கண் தலையின் இரண்டு பக்கமும் இருப்பதால், திரும்பாமலே ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். நேர் பின்னால் மட்டும் தெரியாது. நான் போனது சரியாக அந்த இடத்தில்.

அதே ஊரில் சாயங்காலம் இன்னொன்றும் பார்த்தேன். ஒரு காளை, தெருக்கோடியில் படலைத் தாண்டமாட்டேன் என்று காலை ஊன்றிவிட்டது. இரண்டு ஆள் மூக்கணாங்கயிற்றை இழுக்க, ஒருத்தன் வாலை முறுக்க, ஒருத்தன் சாட்டையால் போட, மூக்கில் ரத்தம் கசிகிறதே ஒழிய கால் நகரவில்லை. "திமிரு" என்றான் சாட்டைக்காரன். பாட்டன் நொண்டியான என்னையும் தாங்கிக்கொண்டே அந்தப் பக்கம் வந்தவர், காளைக்குப் பக்கத்தில் போய் அதன் தலை உயரத்துக்குக் குனிந்து, அது பார்க்கிற பக்கம் பார்த்தார். படலின் மேல் யாரோ காயப்போட்ட வெள்ளைத் துண்டு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதன் நிழல் தரையில் கோடு கோடாக அசைந்தது. மாட்டுக்கு ஆழம் சரியாகப் பிடிபடாது, தரையில் கறுப்பாகத் தெரிவது நிழலா பள்ளமா என்று அதற்கு நின்றுதான் பார்க்கணும். பாட்டன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான். காளை மூக்கை நீட்டி ஒரு தடவை தரையை மோந்துவிட்டு நடந்து போய்விட்டது. சாட்டைக்காரன் கையில் சாட்டை சும்மா தொங்கியது.

அதற்குப் பிறகு 33 வருஷம் வேலை பார்த்தேன். நிற்கிற மாட்டைப் பார்த்தால் முதலில் துண்டு எங்கே என்று தேடுவேன். எல்லா மாட்டுக்கும் துண்டு இருக்கும் என்று சொல்லமாட்டேன். சிலது நிஜமாகவே திமிர்தான்.

மென்மையைப் பற்றி ஒன்று. நீ காலேஜ் போகும்போது பஸ்ஸில் தினம் அதியமான்கோட்டையைத் தாண்டித்தானே போனாய்? அந்த அதியமானை ஔவை பாடினது புறநானூற்றில் இருக்கிறது. ஊர்ப் பிள்ளைகள் தந்தத்தைத் தேய்த்துக் கழுவ, துறையில் சும்மா கிடந்து கொடுக்கிற பெரிய களிறு மாதிரி எங்களுக்கு நீ இனியவன், பகைவருக்கோ அதே களிறு மதம் கொண்ட மாதிரி என்கிறார். மென்மையும் மதமும் ஒரே உடம்பில். அந்த அம்மாள் யானை குளிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கணும், இல்லாவிட்டால் இந்தப் பாட்டு வராது.

யானை என்றதும் ஞாபகம் வருகிறது. ராகி முற்றிவிட்டது, ஜவளகிரிப் பக்கம் கூட்டம் இறங்கிவிட்டது என்று தளியிலிருந்து உன் சித்தப்பா போன் பண்ணினார். வருஷா வருஷம் பன்னார்கட்டா காட்டிலிருந்து வருவதுதான். தேன்கனிக்கோட்டையில் வேலை பார்த்தபோது ஒரு விவசாயியோடு பரண் மேல் ஒரு ராத்திரி உட்கார்ந்திருக்கிறேன். நிலா வெளிச்சத்தில் முன்னால் ஒரு கிழட்டுப் பெண் யானை. ஓடைக்கரையில் நின்று தும்பிக்கையைத் தூக்கிக் காற்றை மோந்தது. அது நின்றதும் பின்னால் வந்த அத்தனையும் நின்றன. நடுவில் ஒரு குட்டி, தாயின் கால்களுக்கு இடையில். அப்புறம் கிழவி நடந்தாள், குட்டி எவ்வளவு வேகம் நடக்குமோ அந்த வேகத்தில். ஆகா என்று இருந்தது எனக்கு. பக்கத்தில் இருந்தவருக்கு அப்படி இல்லை. அவர் தகரத்தைத் தட்டிக்கொண்டே அழுதார், அந்த ராகிக்கு அவர் வட்டிக்கு வாங்கியிருந்தார். இதையும் சேர்த்துத்தான் எழுதணும். 2023 மார்ச்சில் நம் மாரண்டஹள்ளிப் பக்கம் மின்வேலியில் மூன்று யானை செத்ததும், இரண்டு குட்டிகள் அந்த உடல்களை விட்டுப் போகாமல் சுற்றினதும் உனக்குத் தெரியும். அந்த வாரம் உங்கம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

உங்கள் பயிற்சிக்காரர் காட்டாத பாடமும் நம் வீட்டிலேயே இருக்கிறது. போன மாதம் கருப்பாடு இரண்டு குட்டி போட்டது. ஒன்றை நக்கிக் கொடுத்தது, சோனியாக இருந்ததை முட்டித் தள்ளிவிட்டது. அதற்கு உங்கம்மாதான் பாட்டிலில் பால் கொடுக்கிறாள், இப்போது அது அவள் பின்னாலேயே அடுப்படி வரைக்கும் வருகிறது. கோழிகளில் பெரியது அடுத்ததைக் கொத்தும், அது அதற்கடுத்ததைக் கொத்தும், கடைசிக் கோழிக்குத் தலையில் முடியே இல்லை. ஆட்டையும் கோழியையும் போட்டுக் காட்டினால் உங்கள் ஹாலில் யார் கை தட்டுவார்கள்? நமக்கு எது வேண்டுமோ அதை மட்டும் விலங்கின் வாயில் வைத்துப் பேசுகிறோம்.

அந்தப் பையன் விஷயத்தில் நீ என்ன எழுதணும் என்று நான் சொல்லமாட்டேன், உன் வேலை எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் கேட்கிறேன். அரை மணி நேரம் அவனைப் பற்றிப் பேசினாய், அவன் பேரைச் சொல்லவே இல்லை. எந்த ஊர்? எந்த மொழி பேசுகிறவன்? மீட்டிங்கில் அவனுக்கு எதிரே யார் உட்காருகிறார்கள்? அடுத்த போனில் சொல்லு.

செவலை படுத்து எழுந்து படுத்து எழுந்து நிற்கிறது. வாலைத் தூக்கிவிட்டது. பேனாவை வைக்கிறேன்.

பின்குறிப்பு, காலை 5.20. கிடேரி, பெண் கன்று. நெற்றியில் வெள்ளை. பின்னங்காலைத் தூக்கித் தூக்கி விழுந்து, முக்கால் மணி நேரத்தில் எழுந்து நின்றுவிட்டது. முதல் சீம்பாலைக் கன்றுக்குக் குடிக்கவிட்டாயிற்று. நஞ்சுக்கொடி இன்னும் விழவில்லை, அதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கன்று போக மிஞ்சும் சீம்பாலில் வெல்லம், ஏலக்காய் போட்டு அவிக்கப் போகிறேன் என்கிறாள் உங்கம்மா. புனேக்கு அனுப்பினால் வழியிலேயே கெட்டுவிடும். உன் பங்கையும் நானே சாப்பிட்டுவிடுகிறேன்.

அப்பா