துப்பாக்கி இருக்கிறது, கணக்குத்தான் இல்லை: கேரள உள்துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கேரள மாநில உள்துறைச் செயலர் அவர்களுக்கும் காவல்துறைத் தலைவர் அவர்களுக்கும்,

வணக்கம். திருவனந்தபுரம் சிறப்பு ஆயுதப்படைப் பட்டாலியனில் 25 இன்சாஸ் (இந்தியத் தயாரிப்புத் தானியங்கி வகை) துப்பாக்கிகளும் 12,061 தோட்டாக்களும் குறைவதாக இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை கூறியது. 2020 பிப்ரவரியில் அவ்வறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட சில நாள்களிலேயே மாநிலக் காவல்துறையின் குற்றப்பிரிவினர் முகாமில் துப்பாக்கிகளை அடுக்கி வைத்து எண்ணினர். மொத்தம் 660, அவற்றுள் 13 மட்டும் மணிப்பூருக்குச் சென்றுள்ள காவலர்களிடம் உள்ளன, ஒன்றும் காணாமற்போகவில்லை, பதிவேட்டில்தான் பிழை என்று அறிவித்தனர்.

பலருக்கு அது ஆறுதலாக இருந்திருக்கலாம். எனக்கு அந்த விளக்கம்தான் அச்சம் தருகிறது. எந்தத் துப்பாக்கி எந்த முகாமில் யார் பொறுப்பில் இருக்கிறது என்பதை ஏட்டைப் புரட்டிச் சொல்ல முடியாமல், செய்தி வெளிவந்த பிறகு ஒவ்வொன்றாக எண்ணித்தான் அறிய முடிந்தது என்றால், செய்தி வராதிருந்த ஆண்டுகளில் அவற்றுக்குக் காவல் எது? ஏட்டில் இல்லாத துப்பாக்கி வெளியே போனால், போனதென்று சொல்லவும் ஆளிருக்காது.

தோட்டாக்களின் கதை இன்னும் கசப்பானது. 9 மி.மீ. வகையில் 250 தோட்டாக்களின் குறைவை மறைக்க அதே எண்ணிக்கையில் போலித் தோட்டாக்கள் வைக்கப்பட்டிருந்ததைத் தணிக்கை கண்டது. இதை எழுத்துப்பிழை என்று எவரும் கூற இயலாது. எண்ணுவார்கள், ஆனால் கையிலெடுத்துப் பார்க்க மாட்டார்கள் என்பதை நன்கறிந்த ஒருவர் செய்த வேலை அது.

காட்டுப்பன்றிக்கு அஞ்சி உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருக்கும் வயநாட்டு விவசாயி, தேர்தல் அறிவிக்கப்பட்டால் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொள்கிறார். உங்கள் துறைக்கோ 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் உரிம விதிகளிலிருந்து அதன் 45-ஆம் பிரிவு விலக்களிக்கிறது. பணிக்கு அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் 2019 திருத்தத்தின்படி, காவலரிடமிருந்து வன்முறையால் துப்பாக்கியைப் பறிப்பவருக்குக் குறைந்தது 10 ஆண்டுச் சிறை என்றிருக்கையில், கவனக்குறைவால் அதை நழுவவிடும் அதிகாரி என்ன விலை கொடுக்கிறார் என்பதும் குடிமக்களுக்குத் தெரிய வேண்டும்.

ஆகவே, ஒவ்வொரு பட்டாலியனின் ஆயுதக் கிடங்கையும் ஆண்டுக்கொரு முறை வேறொரு பிரிவினர் சென்று, துப்பாக்கிகளை அவற்றில் பொறித்த எண்ணோடும் தோட்டாக்களைப் பயிற்சிக்குப் பின் திரும்பிய வெற்று உறைகளோடும் ஒப்பிட்டுச் சரிபார்க்குமாறு ஆணையிட வேண்டுகிறேன். கிடங்குப் பொறுப்பு கைமாறும் நாளில் இருவரும் எண்ணிப் பார்த்துக் கையொப்பமிடாமல் சாவி கைமாறக் கூடாது. எந்தக் கிடங்கில் என்ன ஆயுதம் என்ற விவரம் மறைவாகவே இருக்கட்டும். கணக்கு ஒத்துப்போயிற்றா, இல்லையென்றால் யார்மீது என்ன நடவடிக்கை என்பதை மட்டும் ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வையுங்கள்.

இப்படிக்கு,
அண்டை மாநிலத்துக் குடிமகன் ஒருவன்