‘கையால் வரைந்தது’ என்று அச்சிட்டு விற்ற ஏற்காடு விளையாட்டுப் பெட்டி: புகார்

அனுப்புநர்:
ஓவிய ஆசிரியை (ஓய்வு),
அஸ்தம்பட்டி, சேலம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: ஏஐ (செயற்கை நுண்ணறிவு) செய்த படங்களைக் கை ஓவியம் என்று விற்றது, பணத்தைத் திருப்பித் தராமல் அலைக்கழித்தது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். இதற்கு முன் உங்களுக்குப் போன் செய்தேன், மெயில் போட்டேன், உங்கள் செயலியில் இருக்கும் சாட்டில் மணிக்கணக்காக டைப் அடித்தேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு புகார் எண் தருகிறீர்கள். பழைய எண்ணைச் சொன்னால் “அது குளோஸ் ஆயிடுச்சு மேடம்” என்கிறீர்கள். என்னைக் கேட்காமல் யார் குளோஸ் செய்தது? இனிமேல் போனில் பேச எனக்குத் தெம்பில்லை. அதனால்தான் எழுத்தில் வைத்து ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன்.

உங்கள் ஏற்காடு பலகை விளையாட்டில் ஒரு டஜன் பெட்டி வாங்கினேன். கோடை ஓவிய வகுப்பு முடியும் நாளில் பிள்ளைகளுக்குப் பரிசாகக் கொடுப்பதற்காக. பெட்டி ஒன்று 1,499 ரூபாய். அந்த விலைக்கு நான் துணிந்ததற்கு ஒரே காரணம், மூடியின் மேலேயே பொன்னிற எழுத்தில் ‘நம் மலையின் ஓவியர்கள் கையால் வரைந்தது’ என்று போட்டிருந்ததுதான். ஓவியம் படிக்கும் பிள்ளைகளுக்கு, நம் ஊர் ஓவியர்கள் வரைந்த விளையாட்டைக் கொடுக்கிறோம் என்று அவ்வளவு சந்தோஷப்பட்டேன். பெற்றோர்களிடமும் அப்படித்தான் சொல்லிவைத்தேன்.

வகுப்பில் எல்லோர் முன்னாலும் ஒரு பெட்டியைப் பிரித்தோம். பச்சை நிற அட்டைக் கட்டில் வரும் காப்பித் தோட்ட அட்டையை எடுத்துப் பாருங்கள், உங்களிடம் இல்லாததா? கூடை வைத்திருக்கும் அந்த அம்மாவின் வலது கையில் ஆறு விரல். ஆறாவது விரல் கூடையின் பின்னலோடு பின்னலாகப் போய்விடுகிறது. காப்பிப் பழம் திராட்சைக் கொத்து மாதிரி கிளை நுனியில் தொங்குகிறது. காப்பிப் பழம் இலைக்கணுவில், கிளையை ஒட்டி, நெருக்கமாகக் காய்க்கும். சீசனில் ஒரு தடவை மலை ஏறியவன்கூட அப்படி வரைய மாட்டான். மிளகுக்கொடி சில்வர் ஓக் மரத்தில் ஏறாமல் அந்தரத்தில் நிற்கிறது. சேர்வராயன் கோயில் அட்டையில் ஏழு நிலை ராஜகோபுரம்! அது குனிந்து உள்ளே போகும் குகைக் கோயில் என்று இந்த ஜில்லாவில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். வெள்ளிக் கொலுசு அட்டையில் திருகாணியே இல்லை, சங்கிலி கணுக்கால் தோலுக்குள் கரைந்து போகிறது. எங்கள் தெருவில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவரின் மகள் அதே வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். முதலில் கண்டுபிடித்தது அவள்தான்.

அப்புறம் அந்தப் பேருந்து நிலையப் பலகை. தூரத்திலிருந்து பார்த்தால் தமிழ். கிட்டே வைத்துப் பார்த்தால் கொக்கியும் சுழியும்தான், ஒரு எழுத்துகூட எழுத்து இல்லை. “மிஸ், இது என்ன ஊரு மிஸ்?” என்று ஒரு பையன் கேட்டான். நான் என்ன சொல்ல முடியும்? பின்னால் நின்ற பெற்றோர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முப்பது வருடமாக நான் சேர்த்துவைத்த பேர் அந்த ஒரு மதியத்தில் மண்ணாகப் போனது.

இதையெல்லாம் உங்கள் சர்வீஸ் ஆளிடம் பொறுமையாகத்தான் சொன்னேன். படம் எடுத்தும் அனுப்பினேன். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: “சின்னப் பசங்க விளையாடுற சாமான் மேடம். இதுல போய் விரல எண்ணிக்கிட்டு இருக்கீங்களே, வீட்ல வேற வேலை இல்லையா?” சொல்லிவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் இருந்தவரும் சிரித்தது எனக்குக் கேட்டது. அழைப்புகளைப் பதிவு செய்கிறோம் என்று தொடக்கத்திலேயே சொல்கிறீர்களே, அந்தப் பதிவை எடுத்து நீங்களே கேளுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவரிடம் ஒருவன் அப்படிப் பேசினால் விட்டுவிடுவீர்களா?

ஆம், விரலை எண்ணினேன். விரலை எண்ணச் சொல்லிக் கொடுப்பதுதான் என் வேலை. ஏஐ செய்த படத்தைப் பல நேரம் இப்படித் தப்பான விரல்தான் காட்டிக்கொடுக்கிறது. நான் மட்டும் எண்ணவில்லை, உலகமே எண்ணுகிறது. 2024 டிசம்பரில் ‘கால் ஆஃப் டூட்டி’ வீடியோ விளையாட்டில் வந்த ஜாம்பி சாண்டா கிளாஸ் படத்தில் ஆறு விரல் இருப்பதை ஆட்டக்காரர்கள்தான் கண்டுபிடித்தார்கள். அந்தச் சத்தத்துக்குப் பிறகு, 2025-இல், ஏஐ கருவிகளைப் பயன்படுத்துகிறோம் என்று, கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் அந்த விளையாட்டின் பக்கத்திலேயே எழுதிவைத்தார்கள். ஸ்டீம் தளம் 2024 ஜனவரியிலிருந்தே, ஏஐ பயன்படுத்தினால் அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. பலகை விளையாட்டுகளுக்குப் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டரும் 2023 ஆகஸ்டில் அதே மாதிரி விதி கொண்டுவந்தது. ‘மேஜிக்: தி கேதரிங்’ சீட்டு விளையாட்டை நடத்தும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம், 2024 ஜனவரியில் ஒரு விளம்பரப் படத்தை மனிதர்கள்தான் செய்தார்கள் என்று முதலில் சாதித்தது. பார்த்தவர்கள் விடவில்லை. சில நாளிலேயே அதில் ஏஐ செய்த பகுதிகள் இருப்பதை ஒப்புக்கொண்டது. அவ்வளவு பெரிய கம்பெனி ஒப்புக்கொள்ளும்போது உங்களுக்கு என்ன கௌரவக் குறைச்சல்?

உங்கள் மேல்நிலை அதிகாரி என்று ஒரு பெண் பேசினார். அவர் மரியாதையாகத்தான் பேசினார், அதற்கு நன்றி. ஆனால் அவர் சொன்ன விளக்கம் இன்னும் மோசம்: “ஏஐ-க்கு பிராம்ப்ட் கொடுத்தது எங்க ஆர்ட்டிஸ்ட்தான் மேடம், அதனால அது ஹேண்ட்மேட்தான்.” படம் எப்படி வேண்டும் என்று டைப் அடிக்கக் கீபோர்டில் கை பட்டால் கை ஓவியமா? சரி, அந்த ஆர்ட்டிஸ்ட் பெயரைச் சொல்லுங்கள் என்றேன். பெட்டியின் அடியில் அச்சிட்டவர், இறக்குமதி செய்தவர், பெட்டியின் எடை எல்லாம் இருக்கிறது, வரைந்தவர் பெயர் எங்கேயும் இல்லை. அவரும் சொல்லவில்லை. லைன் கட்டாகிவிட்டது.

இந்த ஏஐ எங்கிருந்து வரையக் கற்றுக்கொண்டது? இணையத்தில் ஓவியர்கள் போட்டுவைத்த படங்களிலிருந்து. ஏஐ-க்குக் கற்றுக்கொடுக்கத் திரட்டிய லேயான்-5பி என்ற தொகுப்பில் மட்டும் சுமார் 585 கோடிப் படங்களுக்கான இணைப்புகள் இருந்தன. வரைந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 2023 ஜனவரியில் அமெரிக்காவில் ஓவியர்கள் சேர்ந்து வழக்கே போட்டார்கள். என்னிடம் படித்த பிள்ளை ஒருவன் விளையாட்டுக் கம்பெனிகளுக்கு வரைந்துதான் குடும்பம் நடத்துகிறான். முன்பெல்லாம் ஒரு பாத்திரத்துக்குப் பத்து ஸ்கெட்ச் போட்டு, அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வண்ணம் கொடுப்பான். இப்போது ‘இந்த ஏஐ படத்தில் கையை மட்டும் சரிபண்ணிக் கொடு’ என்றுதான் வேலை வருகிறதாம். கூலி பாதிகூட இல்லை. நீங்கள் அந்த வேலையைக்கூட யாருக்கும் கொடுக்கவில்லை, ஆறாவது விரலோடு அப்படியே அச்சுக்கு அனுப்பிவிட்டீர்கள்.

ஏஐ-யில் செய்ததே தப்பு என்று உங்களோடு சண்டை போட நான் வரவில்லை. எனக்கு அது பிடிக்காது, அது என் கருத்து. ஏஐ என்று பெட்டியில் போட்டிருந்தால் வாங்காமல் போயிருப்பேன், விஷயம் முடிந்திருக்கும். கையால் வரைந்தது என்று போட்டு, அதற்கென்று ஒரு விலை வைத்து வாங்கிக்கொண்டீர்களே, அதைத்தான் கேட்கிறேன்.

பெட்டிகளை ஏற்காட்டில் ஏரிக்கரைக்கு எதிரே இருக்கும் உங்கள் விற்பனையாளரிடம் கொடுத்தால் அங்கேயே பணம் தந்துவிடுவார்கள் என்று உங்கள் சாட்டில்தான் எழுதினார்கள். ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. மலர்க் கண்காட்சி நடக்கும் நாள். அத்தனை பெட்டியையும் இரண்டு சாக்குப் பையில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். இருபது கொண்டை ஊசி வளைவிலும் வண்டி நின்று நின்று போனது, பாதிக்கு மேல் நின்றுகொண்டே வந்தேன். எனக்கு முட்டி வலி உண்டு. மேலே போனால் கடைக்காரர் பாவம், விழிக்கிறார். “அக்கா, நாங்க வாங்கி விக்கிறவங்க. கம்பெனியில இருந்து எங்களுக்கு ஒரு தகவலும் வரலீங்க. எடுத்து வெச்சா எங்க காசுதான் போகும்” என்றார். உட்கார நாற்காலி போட்டு, காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதே பைகளோடு இருட்டிய பிறகு கீழே இறங்கினேன். மறுநாள் உங்கள் ஆளைக் கூப்பிட்டால், ஐந்து ரோடு பக்கத்தில் இருக்கும் கூரியர் குடோனில் கொடுத்திருக்க வேண்டுமாம். அதைச் சொன்னதும் அந்தச் சிரித்த ஆள்தான். குரலை நான் மறக்க மாட்டேன். குடோனுக்கும் போனேன். உங்கள் பெயரில் அவர்களுக்குக் கணக்கே கிடையாதாம்.

தயவுசெய்து இதைக் கவனமாகப் படியுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்றால் என்ன என்று பிரிவு 2(28) சொல்கிறது. அப்படி விளம்பரம் செய்யும் உற்பத்தியாளருக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். இணையத்தில் விற்கிறவர்கள் புகார் கிடைத்த 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் இருக்கின்றன. நீங்கள் செய்ததெல்லாம் புகாரைக் குளோஸ் செய்ததுதான். வழக்குக்கு உங்கள் ஊர் தேடி நான் வர வேண்டியதும் இல்லை. வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம் என்று சட்டம் சொல்கிறது, சேலத்திலேயே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது. வக்கீல் வைக்காமல் நானே பேசுவேன். அந்த அட்டைகளை ஆணையத்தின் மேசையில் பரப்பி வைத்து விரலை எண்ணிக் காட்டுவேன்.

அவ்வளவு தூரம் போக எனக்கு ஆசை இல்லை. இத்தனை வயதில் கோர்ட்டு வாசல் வேண்டாம் என்றுதான் வீட்டிலும் சொல்கிறார்கள். நல்லபடியாக முடித்துக்கொள்ளலாம். பன்னிரண்டு பெட்டிக்கான 17,988 ரூபாயையும் முழுதாகத் திருப்பித் தாருங்கள். பிரித்த பெட்டிக்குப் பிடித்தம் என்ற பேச்சே வேண்டாம், பிரிக்காமல் உள்ளே இருப்பது எப்படித் தெரியும்? இனி அச்சிடும் மூடியிலும் உங்கள் விற்பனைப் பக்கத்திலும் அந்தப் பொன்னிற வரியை எடுத்துவிட்டு, படங்கள் ஏஐ-யில் செய்தவை என்று போடுங்கள். கையால் வரைந்த அட்டை ஒன்றிரண்டாவது இருக்கிறது என்றால், வரைந்தவர் பெயரை அச்சிடுங்கள். போனில் சிரித்தவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இந்தக் கடிதம் கிடைத்து பதினைந்து நாளுக்குள் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, சேலம் ஆணையத்திலும் மனு கொடுப்பேன். அப்போது மன உளைச்சலுக்கும் கெட்டுப்போன என் பெயருக்கும் சேர்த்து ஒரு லட்சம் ரூபாய் கேட்பேன். அதுவும் எனக்கு ஈடாகாது.

பெட்டிகள் பில்லோடு என் வீட்டில் கட்டி வைத்தபடி இருக்கின்றன. காலை பத்து மணிக்கு மேல் ஆளனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்கும்போது கையொப்பமிட்ட ரசீது தர வேண்டும். இனி ஒரு பெட்டியைக்கூட நான் எங்கும் தூக்கிக்கொண்டு வர மாட்டேன்.

இப்படிக்கு,
ஓவிய ஆசிரியை (ஓய்வு),
அஸ்தம்பட்டி, சேலம்.

இணைப்பு: பில் நகல், மூடியின் புகைப்படம், காப்பித் தோட்டம், கோயில், கொலுசு, பேருந்து நிலையம் ஆகிய அட்டைகளின் புகைப்படங்கள், சாட் ஸ்கிரீன்ஷாட்.