கடைமடை அறை

ஸ்கார்பரோ, கனடா
ஜனவரி 18

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். தங்கள் நலமும் அம்மா, தம்பி நலமும் அறிய ஆவல். பாப்பாவின் அறை மட்டும் ஏன் குளிர்கிறது என்று அம்மா தொலைபேசியில் கேட்டபோது அவசரத்தில் சரியாகப் பதில் சொல்லவில்லை. அதை இப்போது விவரமாக எழுதுகிறேன்.

இங்கே வீட்டின் நிலவறையில் எரிவாயுவில் இயங்கும் ஃபர்னஸ் காற்றைச் சூடாக்கி, தகரக் குழாய்கள் வழியாக அறைகளுக்கு அனுப்புகிறது. மேலூருக்கு வரும் பெரியாற்றுக் கால்வாயை நினைத்துக்கொண்டால் தங்களுக்கு எளிதில் விளங்கும். ஃபர்னஸுக்கு அருகிலுள்ள கூடம் தலைமடை. மாடியின் பின்கோடியில் இருக்கும் பாப்பாவின் அறை கடைமடை. போதாக்குறைக்கு, சூடு போதுமா என்று முடிவு செய்யும் தெர்மோஸ்டாட்டும் கூடத்துச் சுவரிலேயே இருக்கிறது. தலைமடை வயல்கள் நிறைந்ததைப் பார்த்துவிட்டு, கால்வாய் தொடங்கும் பேரணையில் ஷட்டரை இறக்கினால் கடைமடையிலுள்ள நம் வயல் என்ன ஆகுமோ, அதுவே அந்த அறைக்கும் ஆனது. வெளியே மைனஸ் 15 டிகிரி இருந்த இரவில் கூடத்தில் 22, அவள் அறையில் 16.

பார்க்க வந்த பணியாளர் ஃபர்னஸையே மாற்ற வேண்டும் என்று சொல்லி, ஆயிரக்கணக்கான டாலர் கேட்டார். வாய்க்காலைத் தூர்வாராமல் அணையை உயர்த்த எனக்கு மனம் ஒப்பவில்லை.

முதலில் ஃபர்னஸின் காற்று வடிகட்டியை மாற்றினேன். பழையது தூசி படிந்து சாம்பல் நிறக் கம்பளிபோல் இருந்தது. பிறகு ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, குழாய் இணைப்புகளின் ஓரமாகப் பிடித்துக்கொண்டே நடந்தேன். நேராக எழுந்த புகை மூன்று இடங்களில் சட்டென்று சாய்ந்தது. அந்த இடுக்குகளை அலுமினிய டேப்பால் மூடினேன். துணி டேப் சூட்டில் காய்ந்து உரிந்துவிடும் என்று எச்சரித்தவர் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணன். ஏணி தந்தவரும் அவரே.

கூடத்துக்குப் பிரியும் குழாயில் ஒரு சிறு கைப்பிடி உண்டு. அது குழாயின் போக்கில் நின்றால் மடை திறப்பு, குறுக்கே நின்றால் அடைப்பு. அதைப் பாதியளவு திருப்பினேன். ஆசைப்பட்டு எல்லாவற்றையும் அடைத்துவிடக் கூடாது. காற்றுக்குப் போக்கிடம் குறைந்தால் ஃபர்னஸ் அளவுக்கு மீறிச் சூடேறித் தானாக நின்றுவிடும்.

இவ்வளவு செய்தும், இரவில் கதவைச் சாத்தியதும் அறை மீண்டும் குளிர்ந்தது. இரண்டு நாள் யோசித்த பிறகே, உள்ளே போகும் காற்று திரும்பி வர வழியில்லை என்பது புரிந்தது. கதவின் அடியை இழைத்து முக்கால் அங்குலம் இடைவெளி விட்டேன். ஜன்னலுக்கு மெல்லிய பிளாஸ்டிக் தாளும் ஒட்டினேன். இப்போது அவள் அறையில் 20 டிகிரி. மொத்தச் செலவு 70 டாலருக்குள். நம் பணத்தில் நாலாயிரத்துச் சொச்சம்.

ஊரில் நம் வீட்டு மாடி அறைக்கு ஏசி வாங்கத் தம்பி பணம் கேட்டிருந்தான். தருவதில் தயக்கமில்லை. ஆனால் மொட்டைமாடித் தளம் பகலெல்லாம் வாங்கிய வெயிலை இரவில் கீழே இறக்கிக்கொண்டிருக்கும்வரை ஏசியும் திணறத்தான் செய்யும். பங்குனி பிறப்பதற்குள் தளத்தைக் கழுவி, சுண்ணாம்பு இரண்டு பூச்சு அடிக்கச் சொல்லுங்கள். அடுத்த மாதம் ஊருக்கு வரும் நண்பரிடம் ஒரு வெப்பமானி கொடுத்தனுப்புகிறேன். பூசுவதற்கு முன்னும் பின்னும் இரவு பத்து மணிக்கு அந்த அறையில் எத்தனை டிகிரி இருக்கிறது என்று குறித்து எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு ஏசிக்குப் பணம் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்