தப்பாகச் சொன்ன மாம்பழக் கதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேச வரவேண்டுமானால் நாளுக்குப் பத்துச் சொல் மனப்பாடம் செய்யவைக்க வேண்டும் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. கானாடுகாத்தான், ஆத்தங்குடி பக்கம் செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிற வெளிநாட்டாருக்கு வழிகாட்டியாக இருப்பவள் நான். சாயங்காலத்தில் தெருப் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டு வேலைக்கும் எனக்குக் கைகொடுப்பவை சாமி கதைகள்தான்.

வருகிறவர்கள் பர்மாத் தேக்கையும் ஆத்தங்குடிக் கல்லையும் பற்றிக் கேட்பது கொஞ்ச நேரம். நாலு வாக்கியத்தில் பதில் முடிந்துவிடும். அப்புறம் வாசல் நிலைக்கு மேலே இருக்கும் கஜலட்சுமியைக் காட்டி, யானைகள் ஏன் தண்ணீர் ஊற்றுகின்றன என்பார்கள். பிள்ளையார்பட்டிக்குப் போய்வந்தவர்கள், மற்ற இடத்தில் நாலு கை பார்த்தோமே, இங்கே ஏன் இரண்டு கை, தும்பிக்கை ஏன் வலப்பக்கம் திரும்பியிருக்கிறது என்பார்கள். குன்றக்குடி மலையேறி இறங்கியவர்களுக்கு மயில் மேல் சந்தேகம். எல்லாவற்றுக்கும் பதில் ஒரு கதையில்தான் இருக்கிறது. கதையை ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாத வழிகாட்டி எத்தனை சொல் மனப்பாடம் செய்திருந்தும் திண்ணையோடு நின்றுவிட வேண்டியதுதான்.

பிள்ளைகளிடம் நான் செய்வதைச் சொல்கிறேன். மாம்பழக் கதையை எடுத்துக்கொள்வேன். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியில் கூடிப் பழனிக்கு நடக்கிற நகரத்தார் காவடியைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகளுக்கு அதைத் தமிழில் விளக்க வேண்டிய அவசியமில்லை. நேரே ஆங்கிலத்தில் ஆரம்பிப்பேன், சின்னச் சின்ன வாக்கியமாக. ஆனால் வேண்டுமென்றே தப்பாகச் சொல்வேன். 'கணேஷா காட் ஆன் ஹிஸ் பீகாக்' என்றதும் நாலு பேர் எழுந்துவிடுவார்கள். "அக்கா, மயில் முருகனோடது!" தமிழில் சொன்னால் எனக்குக் காது கேட்காது, அதுதான் எங்கள் வகுப்புச் சட்டம். வாயே திறக்காமல் மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் ஒருநாள் பொறுக்கமுடியாமல், 'நோ! பீகாக் முருகா! கணேஷா மவுஸ்!' என்று கத்தினாள். வினைச்சொல்லும் இல்லை, இலக்கணமும் இல்லை. இருக்கட்டுமே. திருத்தியே ஆகவேண்டும் என்ற ஆத்திரம் வந்துவிட்டால் மற்றது பின்னாலேயே வந்துவிடும். பாடப்புத்தகத்து ஜான் சந்தைக்குப் போனானா பள்ளிக்கூடம் போனானா என்பதில் இவர்களுக்கு என்ன வந்தது? முருகனின் மயிலைப் பிடுங்கி அண்ணனுக்குக் கொடுத்தால் சும்மா இருப்பார்களா?

அந்த ஒரு கதைக்குள் 'கெட் ஆன்', 'செட் ஆஃப்', 'கோ அரவுண்ட்', 'ஸ்டார்ம் அவுட்', 'கிவ் அப்' எல்லாம் வந்துவிடுகின்றன. நம்மவர்களை ஆங்கிலத்தில் அதிகம் படுத்துபவை இந்தச் சின்னச் சொற்கூட்டங்கள்தான். பட்டியலில் படித்த பிள்ளைக்கு 'செட் ஆஃப்', 'செட் அப்', 'செட் இன்' மூன்றும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். முருகன் மயிலேறிக் கிளம்பியது 'செட் ஆஃப்', கோபித்துக்கொண்டு வெளியேறியது 'ஸ்டார்ம் அவுட்' என்று கேட்ட பிள்ளைக்கு அந்தக் குழப்பம் வருவதில்லை.

மார்கழிப் பருவத்தில் வருகிற வெளிநாட்டாருக்குச் சொல்வதற்கென்றே எங்கள் ஊரில் ஒரு கதை இருக்கிறது, பிள்ளையார் நோன்பு. திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் கழித்து, சஷ்டியும் சதயமும் கூடுகிற நாளில், புதுத்துணியில் எடுத்த 21 இழையைத் திரியாக்கி, மாவில் பிடித்த பிள்ளையாரில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வது நகரத்தார் வழக்கம். கேட்கிறவர்களுக்குக் கண் விரிந்துவிடும். ஏன் என்று கேட்டால் கடலுக்குப் போகவேண்டும். வாணிபத்துக்குப் போன நகரத்தார் நடுக்கடலில் புயலில் மாட்டிக்கொண்டு, பிள்ளையாரை வேண்டி, நாளுக்கு ஓர் இழையாகத் துணியிலிருந்து எடுத்துவைத்து நாள் எண்ணினார்கள் என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. இதைச் சொல்லப் பழகிய பையனுக்கு 'காட் இன் எ ஸ்டார்ம்', 'லாஸ்ட் ஆல் ஹோப்', 'மேட் எ வவ்' தானாக நாக்கில் வரும். எல்லாருக்கும் ஒரே கதி என்பதற்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'இன் தி ஸேம் போட்' என்பதை நான் இந்தக் கதையில்தான் சொல்லிக்கொடுத்தேன். பிறகொரு நாள் காரைக்குடி பஸ் வராமல் எல்லாரும் வெயிலில் நின்றபோது, என்னைப் பார்த்து அதையே சொன்னான் ஒருவன். பஸ்ஸுக்குப் படகைச் சொல்கிறோமே என்ற தயக்கமே இல்லை.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு வாலி வதம். 1939-இல் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கிய காரைக்குடிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதைச் செய்யாவிட்டால் எப்படி? மறைந்து நின்று அம்பு விட்டது சரியா தப்பா என்று இரண்டு கட்சியாக உட்காரவைத்தால், 'ஹவ் குட் யூ?', 'தட் இஸ் நாட் ஃபேர்', 'ஆன் தி அதர் ஹேண்ட்', 'ஐ டேக் யுவர் பாயிண்ட்' எல்லாம் பறக்கும். வாலி கட்சிக்குத்தான் எப்போதும் ஆள் அதிகம்.

இனிமேல் சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காமல் இருக்கலாம். ஆங்கிலச் செய்தித்தாளைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் பைபிள் கதைகளும் தெரியவேண்டும். "எங்க பிள்ளைக்கு அதெல்லாம் எதுக்கு?" என்று ஒரு ஆச்சி என்னிடம் கேட்டார்கள். நம் நாட்டுச் சட்டத்திலேயே இருக்கிறது ஆச்சி என்றேன். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 134ஏ பிரிவு, விபத்தில் அடிபட்டவருக்கு உதவுகிறவரை 'குட் சமாரிட்டன்' என்றுதான் சொல்கிறது. கள்ளர்கள் அடித்துப்போட்ட வழிப்போக்கனைப் பூசாரி பார்த்துவிட்டு ஒதுங்கிப் போக, ஆகாதவன் என்று ஒதுக்கப்பட்ட சமாரியன் தூக்கிக்கொண்டு போன கதை தெரியாமல் அந்தப் பேரை எப்படி விளங்கிக்கொள்வது?

தேர்தல் நேரத்தில் ஆங்கிலப் பத்திரிகைகள் 'ரைட்டிங் ஆன் தி வால்' என்று எழுதும்போது நம் பிள்ளைகள் கட்சிக்காரர்கள் வெள்ளையடித்துப் பிடித்துவைக்கும் சுவர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எருசலேம் கோயில் பாத்திரங்களில் மது ஊற்றிக் குடித்த பெல்ஷாத்சார் ராஜாவின் விருந்தில் ஒரு கை மட்டும் தோன்றிச் சுவரில் எழுத, அன்றிரவே அவன் கதை முடிந்ததைச் சொன்னால், தோல்வி முன்கூட்டியே தெரிந்துவிட்டது என்ற அர்த்தம் சட்டென்று பிடிபடும். 'ஸ்கேப்கோட்' கதையும் அப்படித்தான். கருப்பர் கோயிலில் கிடா வெட்டிப் பார்த்த பிள்ளை அதை வெட்டுப்படும் ஆடு என்றே எடுத்துக்கொள்ளும். கதையில் ஆடு இரண்டு. ஒன்று பலியாகும். ஊரார் பாவத்தையெல்லாம் தலையில் சுமத்தி வனாந்தரத்துக்கு ஓட்டிவிடும் இன்னொன்றுக்குத்தான் அந்தப் பேர், 1530-இல் வில்லியம் டிண்டேல் வைத்தது. நம் பக்கமிருந்தும் ஒன்று போயிருக்கிறது. பூரி ஜகந்நாதர் தேரிலிருந்து பிறந்த 'ஜக்கர்நாட்' என்ற சொல்லால் இங்கிலாந்தில் ராட்சச லாரிகளைக் கூப்பிடுகிறார்கள்.

ஓர் எச்சரிக்கை. பழைய மொழிபெயர்ப்புகளைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள், 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிள் உட்பட. 'தௌ', 'பிஹோல்ட்' எல்லாம் இப்போது யாரும் பேசுவதில்லை. பழைய ராமாயண மொழிபெயர்ப்பொன்றைப் படித்த எங்கள் தெருப் பையன், முகப்பில் நின்ற ஒரு வெளிநாட்டம்மாவைப் பார்த்து 'கம் ஹிதர்' என்றான். அந்த அம்மாவும் வந்தார்கள், அது வேறு விஷயம்.

உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். வாரம் அரைப் பத்தி ஒதுக்கி, தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரு சாமி கதையை எளிய ஆங்கிலத்தில் போடுங்கள். ஒரு வாரம் பிள்ளையார், ஒரு வாரம் சமாரியன், ஒரு வாரம் யூசுப் நபி. ஒவ்வொரு கதையிலும் ஒரு தப்பை வேண்டுமென்றே விட்டுவையுங்கள். கண்டுபிடித்து அஞ்சலட்டையில் ஆங்கிலத்தில் எழுதியனுப்பும் பிள்ளைகளின் பேரை அடுத்த வாரம் போட்டால் போதும், பரிசு வேண்டாம். கார்த்திகைக்குள் தொடங்குவதாக இருந்தால் பிள்ளையார் நோன்புக் கதையைத் தப்போடு சேர்த்து நானே எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கானாடுகாத்தான்